வீட்டுக்கு ஒரு ஆள்

பெல் ரோஷ்
17 ஜனவரி 1987

அன்புள்ள யூலாலி அக்கா,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. பரவாயில்லை. இதற்குப் போட்டே ஆகவேண்டும், ஏனென்றால் இதில் கேள்விகள் இருக்கின்றன.

உங்கள் சர்க்கரை நோய்க் கணக்கெடுப்புக்காரர்கள் புதன்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்தில் வந்து இறங்கினார்கள். எங்களுக்கு விடுமுறை. மற்ற பிள்ளைகள் ஆற்றுக்குப் போய்விட்டார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். நீயும் நர்ஸ் பயிற்சிதானே, ரத்தம் எடுக்க நீயும் வருவாய் என்று நினைத்தேன். உன்னை வடக்குப் பக்கம் அனுப்பிவிட்டதாக பார்படோஸிலிருந்து வந்திருக்கும் நர்ஸ் கிரீனிட்ஜ் சொன்னாள். அனுப்பினார்களா, நீயே கேட்டு வாங்கிக்கொண்டு போனாயா?

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கணக்கெடுப்புக்கு வரவேண்டியவர்களின் பெயர்களை ஃபாதர் வாசித்தார். "இது தீவுக்காகச் செய்யற வேலை, பேர் வந்தவங்க எல்லாரும் கை கொடுக்கணும்" என்றார். அம்மா பெயரும் வந்தது.

வெறும் வயிற்றோடு வரவேண்டும். முதலில் ஒரு குழாய் ரத்தம். பிறகு ஆரஞ்சு வாசனையில் ஒரு தம்ளர் சர்க்கரைத் தண்ணீர். இரண்டு மணி நேரம் பெஞ்சில் சும்மா உட்கார்ந்த பிறகு மறுபடி ரத்தம். கிழவர் பாப்பா ஒலிவ் "ஒண்ணும் தொடலம்மா" என்று சத்தியம் செய்தார். மீசை முழுக்கக் கோக்கோ டீ. நர்ஸ் அதைக் காட்டியதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இது டீ! டீ குடிக்கறது சாப்பிடறதா? உங்க ஊர்ல டீயை மெல்லுவாங்களா?" அவரை மறுநாள் வரச் சொல்லிவிட்டார்கள்.

நம் வீட்டுக்காக நம் சித்தி டான்டி ஜெர்மேன்தான் போனாள். அம்மாவால் பள்ளிக்கூடத்து மேடேற முடியவில்லை. டான்டி அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இதுல கொஞ்சம் ரம் ஊத்தியிருந்தா ஊரே வந்திருக்கும்" என்றாள்.

அம்மாவின் கால் இன்னும் ஆறவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன் வாழைத் தோட்டத்தில் தகரம் குத்தியது. இலை வைத்துக் கட்டிக்கொள்கிறாள், என்னைப் பார்க்க விடுவதில்லை. உனக்கு எழுதப்போகிறேன் என்றேன். "எழுது. நான் கேட்டேன்னு மட்டும் எழுதாதே" என்றாள். அதனால் எழுதவில்லை.

என் கேள்விகள்: ரத்தம் ஏன் இரண்டு தடவை? அதைவிட முக்கியமானது, ஊருக்குச் சில வீடுகளில் மட்டும் கேட்டுவிட்டுத் தீவு முழுக்க எத்தனை பேருக்குச் சர்க்கரை என்று எப்படிச் சொல்ல முடியும்? என்னை யாரும் கேட்கவில்லையே?

உன் தங்கை
இமெல்டா


ரோசோ
24 ஜனவரி

கேள்விக்காரி இமெல்டா,

கோபித்துக்கொள்ளாதே. இங்கே பகல் முழுதும் ஊசி, மாலையில் எண்கள். பேனாவைத் தொட்டால் தூக்கம் வருகிறது.

ரத்தம் இரண்டு தடவை, ஏனென்றால் சிலருக்கு வெறும் வயிற்றில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். இனிப்பைக் கொடுத்துப் பார்த்தால்தான் உடம்பு அதைச் சமாளிக்கிறதா, திணறுகிறதா என்பது வெளியே வரும். விருந்தாளி வந்தால்தான் வீட்டின் லட்சணம் தெரியும் இல்லையா, அப்படி.

இரண்டாவது கேள்விக்கு, அம்மா கீரையும் நண்டும் போட்டுக் காய்ச்சுகிற கலாலுச் சட்டியை நினைத்துக்கொள். உப்புப் பார்க்கச் சட்டி முழுவதையும் நீ குடிப்பதில்லை. நன்றாகக் கிளறிவிட்டு ஒரு கரண்டி எடுக்கிறாய். எங்கள் கரண்டியில் முந்நூறு பெயர்கள். எந்தப் பெயர் வரவேண்டும் என்று யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, குலுக்கல்தான். அதனால்தான் பெயர் வந்த ஆளையே சோதிக்க வேண்டும்.

முதல் கணக்கு வந்துவிட்டது. மற்ற ஊர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. பெல் ரோஷில் கிட்டத்தட்ட யாருக்குமே இல்லை. கணக்கெடுப்பை நடத்தும் டாக்டர் ஹோல்டர் துள்ளிக் குதிக்காத குறை. "அந்த ஊர்க்காரங்க அப்படி என்னதான் சாப்பிடறாங்க?" என்று என்னையே கேட்டார். நோய் இருக்கிற ஊர்களுக்குத்தான் சர்க்கரை மருத்துவ வண்டி போகும், உங்களுக்குத் தேவையே இல்லை என்றார்.

நானும் சந்தோஷப்பட்டேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அம்மா ஓயாமல் குடிக்கிற தண்ணீருக்கும் அவள் பாத எரிச்சலுக்கும் வேறு ஏதோ காரணம் போல, நான் அவளைக் கேட்காமல் நர்ஸை வீட்டுக்குக் கூட்டி வந்ததும், அவள் அந்த நர்ஸை வாசலோடு திருப்பி அனுப்பியதும், நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும் எல்லாம் வீண் சண்டை என்று நினைத்தேன்.

அதற்கப்புறம்தான் உன் கடிதத்தைப் பிரித்தேன். டான்டி போனாள் என்று எழுதியிருக்கிறாயே, அப்படியென்றால் என்ன? அம்மா பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து போனது டான்டியா? ஏன் போனாள்? உடனே எழுது.

யூலாலி


பெல் ரோஷ்
31 ஜனவரி

அன்புள்ள அக்கா,

ஏன் போனாள் என்றா கேட்கிறாய்? ரோசோவுக்குப் போய் ஆறு மாதத்தில் மறந்துவிட்டாயா? ஊரே கூடிச் செய்கிற கூத்மே என்றால் வேறு எப்படி? கூரை போடவோ கிழங்கு நடவோ கூப்பிட்டால் வீட்டுக்கு ஒரு ஆள் போகவேண்டும். வீட்டுக்காரன் பெயரைத்தான் கூப்பிடுவார்கள், வந்தவன் "இருக்கேன்" என்பான். அவனுக்கு உடம்பு சரியில்லை என்றால் தம்பி போவான். ஆள் அனுப்பாமல் இருந்தால்தான் வெட்கம். ஃபாதர் கை கொடுக்கச் சொன்னார், ஊர் கை கொடுத்தது.

ஆனால் உன் கடிதத்தைப் படித்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. பெயர் வந்த வீடுகளுக்கெல்லாம் போனேன். முதலில் மா தித்தின். அவள் படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"மா தித்தின், அன்னிக்கு நீங்க ஏன் போகல?"

"காலு ரெண்டும் பஞ்சு மாதிரி இருக்கு, நான் எங்கடி மேடேற? மருமகளை அனுப்பினேன்."

"ஆனா அவங்களுக்கு உங்க ரத்தம்தானே வேணும்?"

"என் ரத்தத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க? அது கெட்டுப்போய்க் கெடக்கு. அவளுது நல்ல வலுவான ரத்தம். ஒருத்தருக்குக் குடுக்கறதுன்னா நல்லதைத்தானே குடுக்கணும்? உங்கம்மா உனக்கு அதுகூடச் சொல்லிக் குடுக்கலியா?"

அவளுக்கு என்ன பதில் சொல்வது? உனக்குத் தெரிந்தால் எழுது.

பனைமரத்தடி வீட்டு எல்ஃப்ரெட்டுக்குக் கண் மங்கல், தம்பி போனான். தையல்காரி ஓடிலுக்கு மயக்கம், தங்கை போனாள். வரப்பு வீட்டுக்காரர் மட்டும் தானே போனார், அவர் தினம் மலையேறி விறகு வெட்டுகிறவர். பாப்பா ஒலிவ் மறுநாளும் டீ குடித்துவிட்டுத்தான் போனாராம், மீசையை மட்டும் துடைத்துக்கொண்டு. பாதி வீட்டுக்கு மேல் ஆள் மாற்றித்தான் அனுப்பியிருக்கிறார்கள். யாரும் அதை என்னிடம் மறைக்கவில்லை. பொய் சொன்னதாகவே நினைக்கவில்லை.

மேடேற முடிந்தவர்கள் வந்தார்கள். மேடேற முடியாதவர்களைத் தேடித்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். உன் கரண்டி மேலே மிதந்ததை மட்டும் எடுத்தது அக்கா. நண்டெல்லாம் அடியில் இருக்கிறது.

கடைசியாக அம்மாவிடம் கேட்டேன். "உங்க மாமனுக்கு ஒரு வெள்ளிக்கிழமை சர்க்கரைன்னு பேர் சொன்னாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை கால் இல்ல. பேர் சொல்ற வரைக்கும் நடந்துக்கிட்டுதான் இருந்தான்" என்றாள். பிறகு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

மற்றவர்கள் முடியாமல் ஆள் அனுப்பினார்கள். அம்மா பயந்து அனுப்பினாள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கிறது.

இமெல்டா


ரோசோ
9 பிப்ரவரி

இமெல்டா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் உறைக்குள்ளேயே வைத்திருந்தேன். டாக்டர் ஹோல்டர் பெல் ரோஷைப் பற்றிப் போகிற இடமெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறார். மந்திரி அலுவலகத்தில்கூடச் சொல்லியாகிவிட்டது. அவரிடம் போய் "ஐயா, எங்க ஊர்க்காரங்க உங்களுக்கு வேற யாரோட ரத்தத்தையோ குடுத்துட்டாங்க" என்று யார் சொல்வது? அதுவும் அந்த ஊர்க்காரியே? அந்த எண்ணில் அம்மா சுகமாக இருக்கிறாள். எண்ணைக் கலைத்தால் அவளும் கலைவாள்.

ஆனால் எண்ணுக்குள் இருந்தால் கால் ஆறிவிடாதே. வெள்ளிக்கிழமை போய்ச் சொன்னேன்.

"இதை யார் கண்டுபிடிச்சது?"

"என் தங்கச்சி, ஐயா."

"எந்தக் கல்லூரி?"

"பதினாலு வயசு, ஐயா."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன். "நான் பார்படோஸ்காரன். ஒருத்தன் பேரைக் கூப்பிட்டா அவனே வருவான்னு நெனச்சேன்" என்றார். பெயர்ப் பட்டியலை எடுத்துப் புரட்டிவிட்டு, "மத்த ஊர்லயும் இப்படித்தானா?" என்றார். அன்றே முடிவு செய்துவிட்டார். மேல்மலை ஊர்கள் எல்லாவற்றிலும் மறுபடி செய்யவேண்டும். பள்ளிக்கூடத்தில் அல்ல, இந்த முறை வீடு வீடாக வருவார்கள். பெயர் யாருடையதோ அவர் கை மட்டும்தான். ஆனால் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு, வற்புறுத்தக் கூடாது. அது விதி. நீயும் அம்மாவை வற்புறுத்தாதே. தள்ளினால் அவள் எந்தப் பக்கம் சாய்வாள் என்று உனக்குத் தெரியும்.

பெல் ரோஷுக்கு என்னைத்தான் போட்டிருந்தார்கள். கெஞ்சிக் கேட்டு எனக்குப் பதில் நர்ஸ் கிரீனிட்ஜைப் போடவைத்தேன். என் முகத்தைப் பார்த்தால் அம்மா சரி என்று சொல்ல வந்ததையும் விழுங்கிவிடுவாள்.

மா தித்தினுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருந்தாய். எங்களுக்குக் கெட்டதும் வேண்டும் என்று சொல்.

யூலாலி


பெல் ரோஷ்
20 பிப்ரவரி

அக்கா,

அன்புள்ள என்று எழுதவில்லை. கவனித்திருப்பாய்.

நேற்று வந்தார்கள். மா தித்தின் கை நீட்டினாள். "கெட்ட ரத்தம்தான் வேணும்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமே, என்கிட்ட நிறைய இருக்கு" என்றாள். எல்ஃப்ரெட் கொடுத்தார். பாப்பா ஒலிவ் முதல் நாள் மாலையிலிருந்து கெட்டிலைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்தாராம்.

பிறகு நம் வீடு. அம்மா நர்ஸ் கிரீனிட்ஜை உட்காரச் சொன்னாள், இளநீர் வெட்டிக் கொடுத்தாள். எல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது.

"யூலாலி வரலியா?"

"அவளுக்குப் பதிலா நான் வந்திருக்கேன், மேடம்."

"அப்போ வரவேண்டியவ அவதானா?"

நர்ஸுக்குப் பொய் சொல்லத் தெரியாது போல. "மொதல்ல அவ பேர்தான் போட்டிருந்தாங்க" என்றாள்.

அம்மா சிரித்தாள் அக்கா. அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! "பாரு இமெல்டா, ரோசோவுக்குப் போனாலும் இந்த ஊர்ப் புத்தி போகல. அவளும் ஆள் அனுப்பிட்டா. அவளுக்கு ஆள் போதும்னா எனக்கும் ஆள் போதும். ஏ ஜெர்மேன், வா, கையை நீட்டு!"

டான்டி நிஜமாகவே கையை நீட்டிக்கொண்டு வந்தாள். நர்ஸ் பையை மூடிவிட்டாள்.

போகும்போது அம்மா காலில் இருந்த கட்டைப் பார்த்தாள். வெளியே வந்து என்னிடம், "அந்த வாசனை எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டாள். நான் அதை உனக்கு எழுதவில்லை. எழுதினால் நிஜமாகிவிடும் என்று இருந்தேன், அம்மாவைப் போலவே. "சீக்கிரம் யாராவது பார்க்கணும். ரொம்பச் சீக்கிரம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரே ஒரு கேள்வி. அம்மாவுக்குப் பயம், அதனால் ஆள் அனுப்பினாள். நீ எதற்கு அனுப்பினாய்?

இமெல்டா


ரோசோ
25 பிப்ரவரி

இமெல்டா,

அக்காவிடம் இப்படி எழுதலாமா என்று முதலில் ஒரு பக்கம் முழுக்கத் திட்டினேன். அதைக் கிழித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை வாழைக்காய் லாரியில் வருகிறேன். அம்மாவிடம் சொல்லாதே. இல்லை, சொல். வெறும் வயிற்றோடு இருக்கச் சொல். டான்டியை எங்காவது அனுப்பிவிடு, அவள் இருந்தால் எல்லாமே கூத்தாகிவிடும்.

வேண்டாம் என்று அம்மா சொன்னால் நான் பேசாமல் திரும்பிவிடவேண்டும். அதுதான் விதி. அந்த விதி இத்தனை கஷ்டமானது என்று எனக்கு இதுவரை தெரியாது.

யூ.


பெல் ரோஷ்
3 மார்ச், மாலை

அன்புள்ள அக்கா,

பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வந்தேன். லாரி போய்விட்டது! இருபது நிமிஷம் காத்திருக்கச் சொல்லியிருக்கக் கூடாதா டிரைவரிடம்?

மேசைமேல் ஆரஞ்சு வாசனையோடு ஒரு தம்ளர் இருந்தது. நாற்காலி ஒன்று ஜன்னலோரம் கிடந்தது, அது எப்போதும் கதவோரம்தான் இருக்கும். அம்மா காலில் வெள்ளைத் துணியில் புதுக் கட்டு. இரண்டு கையிலும் பஞ்சு ஒட்டியிருக்கிறது. அப்படியானால் ரத்தம் எடுத்தாய். ஆனால் என்ன பேசினீர்கள்?

"என்ன ஆச்சும்மா?"

"அவகிட்டயே கேளு."

"அக்கா அழுதாளா?"

"ஊசி குத்தினது எனக்கு. அவ ஏன் அழணும்?"

"சண்டையா?"

"போய்ப் பாத்திரம் கழுவு."

டான்டிக்கும் எதுவும் தெரியாது, அவளை நான்தான் கடற்கரைக்கு மீன் வாங்க அனுப்பியிருந்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு மோசமான யோசனை வேறு எதுவும் செய்ததில்லை. இருந்தது இருந்தபடி எழுது. சுருக்காதே.

இமெல்டா


ரோசோ
10 மார்ச்

அன்புத் தங்கையே,

சோதனை முடிவு அம்மாவுக்கு மட்டுமே சொந்தம். டிரைவரிடம் மூடிய உறையில் அனுப்பினேன். ஃபாதர் படித்துக் காட்டினாராம். அவள் வாய்ச்சொல்லாகத் திருப்பி அனுப்பிய பதில்: "இமெல்டாவுக்கும் சொல்லிடு, இல்லாட்டி என்னைத் தின்னுடுவா." அதனால் சொல்கிறேன். சர்க்கரைதான். நிறைய. பல வருஷமாக இருக்கவேண்டும். கால் டாக்டரிடம் பேசிவிட்டேன். ஒரு விரல் போகலாம், கால் போகாது, இந்த வாரமே வந்தால். வியாழக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். நீ கூட வா. அவள் பாதி வழியில் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்.

பெல் ரோஷின் புதுக் கணக்கில் ஆறில் ஒருவருக்கு இருக்கிறது. மருத்துவ வண்டி பெறும் ஊர்களில் நம் ஊரையும் டாக்டர் ஹோல்டர் சேர்த்திருக்கிறார். எண் ஏறியதற்காக ஒரு மனிதர் நிம்மதியாக மூச்சு விட்டதை அன்றுதான் பார்த்தேன்.

இனி அன்று நடந்தது.

வேலிப் படலருகே நின்றேன். "கதவு தெறந்துதான் கெடக்கு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. போனேன். கையை நீட்டினாள். முதல் தடவை எனக்கு நரம்பு தவறிவிட்டது.

"நிஜமாவே படிச்சியா, இல்ல சும்மா சொல்லிட்டுத் திரியறியா?"

"படிச்சேன். உன் கையில படிக்கல."

சர்க்கரைத் தண்ணீரைக் குடித்தாள். அப்புறம் இரண்டு மணி நேரம் சும்மா உட்காரவேண்டும் இல்லையா? அவளால் எழுந்து போக முடியாது, என்னாலும் முடியாது. கோழி ஒன்று உள்ளே வந்து எங்களைப் பார்த்துவிட்டு வெளியே போயிற்று. நான் அவள் கட்டைப் பிரித்தேன், தடுக்கவில்லை. கழுவிக் கட்டினேன். அதைப் பற்றி எழுதமாட்டேன்.

பிறகு அவளே கேட்டாள். "இவ்வளவு பேர் இருக்கற தீவுல என் பேர் எப்படி வந்துச்சு? நீ குடுத்தியா?"

இத்தனை நாளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள், இமெல்டா. நான் அவளைக் காட்டிக்கொடுத்தேன் என்று.

"நான் குடுக்கலம்மா. குலுக்கல். முந்நூறு பேர்தான் எடுத்தாங்க. ஒவ்வொருத்தரும் பேர் வராத நூத்தியிருபது பேருக்காக நிக்கறாங்க. உன் ரத்தம் எப்படியோ அந்த நூத்தியிருபது பேரும் அப்படின்னு எழுதிக்குவோம்."

"யாரு அந்த நூத்தியிருபது பேர்?"

"எனக்கும் தெரியாது."

புதுக் கட்டைத் தடவிப் பார்த்தாள். "அப்போ அவங்க அனுப்பின ஆளா நான்?"

"ஆமா."

"நான் ஜெர்மேனை அனுப்பினப்போ?"

"அந்த நூத்தியிருபது பேரும் ஜெர்மேன் ஆயிட்டாங்க."

"அடக் கடவுளே! நூத்தியிருபது ஜெர்மேனா? தீவு தாங்காதுடி!"

இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். நேரம் ஆகிவிட்டது என்றேன். அவளே எழுந்து, நொண்டிக்கொண்டே நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மறு கையின் சட்டையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, அந்தக் கையை என் மடியில் வைத்தாள்.

"இந்தத் தடவை தவற விடாதே" என்றாள். "எனக்குப் பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

யூலாலி